கம்பளி நூலில் ஓர் அத்திப்பழம்

பினாங்குத் துறைமுகத்தில் என் கணவரைத் துப்பாக்கி கடத்துகிறவர் என்று நினைத்து நிறுத்திவைத்துவிட்டார்கள். அவர் தோளில் மாட்டியிருந்த நீளமான தகரக் குழாய்தான் காரணம். திறக்கச் சொன்னார்கள். உள்ளே இருந்து மூன்று துண்டாகக் கழற்றிய மூங்கில் தூண்டில் கோல் வந்தது. சுங்கச் சாவடியில் இருந்த சீக்கியர் அதை முகர்ந்து பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நீளவாக்கில் பார்த்தார். "மீன் பிடிக்க" என்று இவர் தமக்குத் தெரிந்த இந்துஸ்தானியில் சொன்னதும், "வந்த வழியெல்லாம் கடல்தானே, அங்கேயே பிடித்திருக்கலாமே?" என்று சிரித்து அனுப்பிவைத்தார்.

நாங்கள் ஊட்டிக்காரர்கள். என் தம்பி சண்முகம் பினாங்கில் ஒரு கிட்டங்கியில் சரக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிறான். அங்கேயே அவனுக்குப் பெண் அமைந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் இல்லாத குறை தெரியாமல் அக்காளும் அக்காள் புருஷனும் போய் நின்று நடத்திவைக்கவேண்டும். பயணத்துக்கு ஊரறியச் சொன்ன காரணம் இதுதான். என் மனசில் இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்ல எங்கள் பிழைப்பைச் சொல்லியாகவேண்டும்.

என் கணவர் நீலகிரி ஓடைகளில் மீன் காவல்காரர். சீமையிலிருந்து கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன்களை லைசென்ஸ் இல்லாதவர் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது வேலை. தூண்டில் போட வரும் துரைமார்களுக்கு மீன் நிற்கும் மடுவைக் காட்டிக்கொடுப்பார். அவர்கள் களைத்து உட்காரும்போது கோல் இவர் கைக்கு வரும். அப்படி வீசி வீசியே கைதேர்ந்தவர். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விட்டுச்சென்ற கோல்தான் அந்தத் தகரக் குழாயில் இருந்தது.

நான் வீட்டில் ஈ கட்டுகிறவள். டிரவுட் மீன் தண்ணீருக்கு மேலே வந்து ஈயையும் பூச்சியையும் பிடித்துத் தின்னும். அந்தப் பூச்சிகளைப் போலவே காட்டுச்சேவல் கழுத்து இறகையும் முயல் ரோமத்தையும் பட்டு நூலால் சின்னஞ்சிறு தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டவேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கட்டுகிறேன். தூண்டில் சாமான் கடைக்காரர் வாங்கிப்போகிறார், துரைமார்கள் திரும்பவும் கேட்கிறார்கள். ஆனால் ஒரு மீனாவது என் ஈயை வாயில் வாங்குவதை நான் கண்ணால் பார்த்ததில்லை.

லைசென்ஸ் இல்லாதவர் ஓடைக்கரையில் நிற்கக்கூடாது என்பது அங்கே சட்டம். "பாக்கத்தானே கேக்கறேன், பிடிக்கவா போறேன்?" என்று எத்தனையோ தடவை மன்றாடியிருக்கிறேன். "காவக்காரன் பொண்டாட்டிக்குன்னு தனி ஓடை ஓடுதா?" என்பார். ஈயை வாங்குகிறவர் துரை, அதை நம்பவேண்டியது மீன். நான் ஏமாற்றிப் பிழைப்பது மீனையா, துரையையா என்ற சந்தேகம் என்னை விடவில்லை. இறகும் நூலும் பார்வைக்கு அழகாய் இருந்தால் துரை வாங்கிவிடுவார். என் கைவேலை மெய்யானதா என்று மீனைக் கேட்டால்தானே தெரியும்?

அதனால்தான் கப்பல் பேச்சு வந்ததுமே நிபந்தனை போட்டேன். "அங்க உங்க சட்டமும் இல்லை, லைசென்சும் இல்லை. ஒரு மீன் என் ஈயைத் திங்கறதை எனக்குக் காட்டணும். கோலை எடுத்துக்குங்க." மழைக்கலங்கலில் ஊட்டியில் தூண்டில்காரர் வராத காலம் என்பதால் லீவும் கிடைத்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக்கொண்டார்.

பினாங்கின் வெயிலை என்னென்று சொல்வது! ஊட்டியில் வெயில் விருந்தாளி. இங்கே அதுதான் வீட்டுக்காரர். ரிக்ஷாவில் ஏறி உட்கார்ந்த சற்று நேரத்தில் என் கணவரின் கோட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது. "கழட்டுங்க மாமா, இங்க யாரு பாக்கப் போறா?" என்று தம்பி சொல்லிப் பார்த்தான். கேட்கவில்லை. சூலியா தெருவில் தமிழ்க்குரல்கள் காதில் விழுந்தபோதுதான் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. ஒரு கடையில் சீனர் மலாயில் விலை சொல்ல, நம் ராமநாதபுரத்துக்காரர் அதே மலாயில் பேரம் பேசுகிறார். நடுவே கிணிகிணியென்று மணியடித்துக்கொண்டு டிராம் வண்டி வந்தால் இரண்டு பேரும் ஒன்றாகவே ஒதுங்குகிறார்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பெண் பினாங்கிலேயே பிறந்தவள். என் காலில் விழுந்து எழுந்ததும், "அக்கா, மக்கான் முடிஞ்சிச்சா?" என்றாள். நான் விழித்தேன். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறாள் என்று தம்பி சொன்னான். மாமியார் ஸ்தானத்தில் நிற்கிறவளிடம் முதல் வார்த்தையாகச் சாப்பாட்டை விசாரிக்கிற பெண் குடும்பத்துக்கு நல்லவள் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

தம்பி குடியிருந்த மாடிக்குக் கீழே, மரநிழலில், காசிம் அண்ணன் நாசி கண்டார் விற்பார். காவடிபோல ஒரு கம்பின் இரண்டு முனையிலும் கூடை. ஒன்றில் சோறு, மற்றதில் விதவிதமான குழம்பு. இலையில் சோற்றைப் போட்டு மீன்குழம்பு, மாட்டுக்கறிக் குழம்பு, வெண்டைக்காய் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிக் கலக்கிவிடுகிறார். எங்கள் வீட்டில் இப்படிப் பரிமாறினால் இலையை அப்படியே நகர்த்திவைப்பார் என் கணவர். இங்கே மாட்டுக்கறியை மட்டும் வேண்டாமென்றுவிட்டு இலையை வழித்துச் சாப்பிட்டார். நானும்தான்.

காசிம் அண்ணனுக்குக் குழம்பு தொழில், தூண்டில் உயிர். கடை இல்லாத நாளில் தெலுக் பகாங் பக்கம் மலை ஓடைக்குப் போய்விடுவாராம். அங்கே தெங்காஸ் என்றொரு மீன். நம் கெண்டைக்குப் பங்காளி, பெரிய பெரிய செதில், முழங்கை நீளம்கூட வளருமாம். என் கணவர் தகரக் குழாயைத் திறந்து கோலையும் என் ஈக்களையும் காட்டினார். காசிம் அண்ணன் ஓர் ஈயை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார். அது பறக்கவில்லை என்பதில் அவருக்கு ஏமாற்றம்.

"எறகைத் திங்கிற மீனா? எங்கூரு மீனு பழந்திங்கிற மீனுலா தம்பி. அத்திப்பழத்தை முள்ளுல குத்திப் போட்டா சட்டிக்கு வந்துரும்."

"பழம் குத்தறது தூண்டில் இல்லீங்கண்ணா. அது விருந்துக்குக் கூப்பிட்டு வெச்சுக் கழுத்தறுக்கறது" என்றார் என் கணவர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வேளைச் சோறு போட்ட மனிதரிடம் பேசுகிற பேச்சா? காசிம் அண்ணன் கோபிக்கவில்லை. "நாளைக்கு வாங்க. யாரு கழுத்தை யாரு அறுக்கிறான்னு பாப்போம்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். இங்கே சின்ன பஸ்களைக் கொசு பஸ் என்கிறார்கள். பெயருக்கேற்ற சத்தம். கடலை ஒட்டியே பாதை. ஒரு பக்கம் பாறைமேல் அலை, மறு பக்கம் காடு. எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. ஒரு வளைவில் வண்டி புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றுவிட்டது. கண்டக்டர் தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார்.

நின்ற இடத்தில் ஒருவர் டுரியான் பழம் விற்றுக்கொண்டிருந்தார். காசிம் அண்ணன் ஒன்றை உடைத்து நீட்டினார். என் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். முட்டைக்கோஸ் அழுகின உரக்குழி இதைவிட மணக்குமாம். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுளையை வாயில் போட்டேன். நாற்றம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாலும் வெல்லமும் வாட்டிய பூண்டும் சேர்ந்த ஒரு ருசி. இன்னொரு சுளை கேட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்காரவே இல்லை.

பஸ்ஸின் கூரையில் வேர்க்கட்டுகள் கிடந்தன. தூபா வேராம். பூச்சிமருந்துக்காகக் கப்பலேறிப் போகிறதாம். காசிம் அண்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இதைத் தட்டிச் சாறெடுத்து ஆத்துல ஊத்துறவனும் இருக்கான். தண்ணி பாலாட்டம் ஆயிரும். பெருசு சிறுசு எல்லாம் மயங்கி மெதக்கும். வேணுங்கிறதை அள்ளிட்டு மத்ததை விட்டுட்டுப் போயிருவான். பாவிப்பயலுக!" என் கணவர் முதல்முறையாக அவரை மதிப்போடு பார்த்தார். அன்றைக்கு இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கி, தென்னந்தோப்பையும் ஜாதிக்காய்த் தோட்டத்தையும் தாண்டி ஏறினோம். பிறகு காடு. அட்டைகள் நம் ஊர் அட்டைகளேதான், பாஷைகூட மாறவில்லை. ஒரு திருப்பத்தில் ஓடை தெரிந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் ஓடைகள் புல்வெளியில் திறந்த வானத்தின் கீழே ஓடுகிறவை. இங்கே ஓடை காட்டுக்குள் ஒளிந்திருந்தது. யானை படுத்ததுபோல வழவழத்த பாறைகள். அவற்றின் நடுவே ஒரு மடு. தண்ணீர் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தெளிவு. அடியில் கிடந்த இலையின் நரம்பை எண்ணலாம். மடுவின்மேல் ஒரு பெரிய மரம் சாய்ந்து நின்றது. அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாய்ச் சிவந்த பழம். "அத்தி!" என்று கத்திவிட்டேன். கடல் தாண்டி வந்து நம் அத்தியைப் பார்ப்பேன் என்று யார் கண்டது? உச்சிக்கிளையில் குரங்குகள் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தன.

என் கணவர் உதட்டில் விரல் வைத்தார். ஓடைக்கு வந்துவிட்டால் அவர் வேறு மனிதர். மீன் எதிர்நீச்சலில் நிற்கும், ஆகவே கீழிருந்து மேலாகத்தான் போகவேண்டும். நிழல் தண்ணீரில் விழக்கூடாது. கல் உருளக்கூடாது. நூலின் நுனியில் கட்டும் பட்டுப்புழு நரம்பை முன்னதாகவே ஈரத்துணியில் ஊறவைத்திருந்தார். காய்ந்திருந்தால் அது படக்கென்று அறுந்துவிடும். நான் கட்டியவற்றிலேயே ஆகச் சிறந்த ஈயை எடுத்து அந்த நரம்பில் முடிந்தார்.

பிறகு வீசினார். நான் அதையும் அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறேன். கோல் பின்னால் போனது. நூல் பின்னால் முழுதும் நீளும் வரை அவர் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில்தான் வித்தை எல்லாம் இருக்கிறது என்று சொல்வார். பிறகு முன்னால். நூல் காற்றில் ஒரு வளையம் போட்டு அவிழ்ந்து நீண்டது. என் ஈ, தூசி இறங்குவதுபோலத் தண்ணீரில் இறங்கியது. ஒரு சிற்றலைகூட எழவில்லை. ஒன்றாகக் குடித்தனம் நடத்தும் மனிதரிடம் இப்படி ஓர் அழகு இருப்பது இத்தனை காலம் எனக்குத் தெரியவில்லையே என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

மீன்கள் இருந்தன. பாறை நிழலில் கரும்பச்சை முதுகுகள் அசைந்தன. ஈ அவற்றின் தலைக்கு மேலாக மிதந்து போயிற்று. ஒன்றும் திரும்பவில்லை. மறுபடி வீசினார். வேறு ஈ. வேறு நிறம். சின்னது, பெரியது. என் பெட்டியே காலியாகிவிடும்போல இருந்தது. மீன்கள் கண்டுகொள்ளவில்லை. மூங்கில் வெட்டிக்கொண்டு அந்த வழியாக வந்த மலாய்க்காரர் ஒருவர் நின்று பார்த்தார். காசிம் அண்ணனிடம் ஏதோ கேட்டார். இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தண்ணி என்ன தப்பு பண்ணிச்சு, ஏன் சாட்டையால அடிக்கிறாருன்னு கேக்குறாரு" என்றார்.

மேலே ஒரு குரங்கு பாதி கடித்த பழத்தை நழுவவிட்டது. தொப்பென்று விழுந்தது. மூன்று பக்கத்திலிருந்தும் மீன்கள் பாய்ந்தன. தண்ணீர் கொதித்து அடங்கியது. குரங்குகள் கிளை மாறினால் கீழே மீன்களும் இடம் மாறின. மரத்தில் இருப்பவருக்கும் மடுவில் இருப்பவருக்கும் நடுவே இப்படி ஒரு பந்தி நடக்கிறது. சாமி சத்தியமாக, நான் பார்த்த எந்தக் கோயில் திருவிழாவும் எனக்கு அவ்வளவு மெய்சிலிர்ப்பைத் தந்ததில்லை.

காசிம் அண்ணன் பிஸ்மி சொல்லி, பழம் குத்திய தூண்டிலைப் போட்டார். குழம்புக்கு ஆகும் அளவு மீன் கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிட்டார். "போதும். சட்டிக்கு மேல எடுக்கிறது ஹராம் மாதிரி எனக்கு." பிறகு என் கணவரைப் பார்த்துக் கேட்டார். "ஒங்க ஊர்ல பிடிச்சிட்டு என்ன செய்வீங்க?"

"சின்னதா இருந்தா கையை நனைச்சுக்கிட்டுத் தொட்டு, திருப்பி விட்டுருவோம். காஞ்ச கையில தொட்டா அதோட மேல்பூச்சு போயிரும், செத்துரும்."

"நான் பசிக்குப் பிடிக்கிறேன். நீங்க பசியில்லாமப் பிடிச்சு, திருப்பி விடுறீங்க. யாரு நல்லவன்னு அல்லாவுக்குத்தான்லா வெளிச்சம்."

என் கணவர் கோலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் குழாயில் போட்டார்.  எனக்கோ வேறு துக்கம்.  மீனிடம் கேட்கத்தான் வந்தேன், மீன் பதில் சொல்லிவிட்டது. நான் கட்டியதெல்லாம் துரைமார்களின் தொப்பிக்கு அலங்காரம். "டிரவுட் வேற, இது வேற, புள்ள" என்று திரும்பும் பஸ்ஸில் அவராகவே சொன்னார். சமாதானம் சொல்லிப் பழக்கமில்லாதவர் சொல்லும் சமாதானம் இன்னும் வலிக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தம்பியோடு கடைத்தெருவுக்குப் போனேன். துணிக்குப் பின்னல் வேலை செய்யும் சாமான்கள் விற்கும் ஒரு சீனத்தியின் கடை. சிவப்புக் கம்பளி நூலில் ஒன்றும் சரியாக இல்லை. அத்திப்பழத்தின் சிவப்பு குங்குமச் சிவப்பில்லை. உள்ளே கொஞ்சம் மஞ்சள் ஓடும், காம்பருகே பச்சை தங்கும். நான் நூல்கண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பதைக் கண்டு அந்த அம்மாள் மலாயில் ஏதோ கேட்டாள். "எத்தனை மாசக் குழந்தைக்கு ஸ்வெட்டர்னு கேக்குறாங்க அக்கா" என்றான் தம்பி. "மீனுக்குன்னு சொல்லு" என்றேன். அவன் சொன்னான். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே போய் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்தாள். அதில்தான் நான் தேடிய நிறம் இருந்தது.

மதியம் மாடியில் உட்கார்ந்து கட்டினேன். பெரிய முள்ளாக எடுத்து, நூலை இறுக்கிச் சுற்றி, குறுக்கே வைத்துக் கட்டி, கத்தரியால் உருண்டையாக வெட்டினேன். பழத்தின் அடியில் ஒரு சின்னக் குழி இருக்குமே, அதற்கு ஊசி நுனியால் அழுத்தி முடிச்சுப் போட்டேன். வாழ்நாளில் அவ்வளவு கவனமாக ஒன்றைக் கட்டியதில்லை. என் கணவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது ஈ இல்லை."

"பின்ன என்னங்க?"

"பழம்."

"கடிச்சுப் பாருங்க."

அவர் கடிக்கவில்லை. "எறகுல பூச்சி செஞ்சா நாணயம், கம்பளியில பழம் செஞ்சா மோசடியா?" என்று கேட்டேன். இந்தத் தடவை விடுவதாக இல்லை. அவர் தரையில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபமில்லை, யோசனை. மெதுவாகச் சொன்னார். "நான் ஏன் நெசப் பழத்தை வேண்டாங்கறேன்னா, அதுல மீனுக்குத் தப்பிக்க வழியே இல்லை. எறகுன்னா அதுக்குக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. வேண்டாம்னு சொல்ல ஒரு வழி விடணும் புள்ள. அதுதான் தருமம்."

"கம்பளின்னு மீன் கண்டுபிடிக்க முடியாதா?"

வெகுநேரம் அந்தக் கம்பளிப் பழத்தை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். "முடியும்" என்றார். "நேத்து எறகையே கண்டுபிடிச்சிருச்சே!" அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கப்பலேறுவதற்கு முதல் நாள் மறுபடி போனோம். காசிம் அண்ணனும் கடையை என் தம்பியிடம் விட்டுவிட்டு வந்துவிட்டார். அவனுக்குக் குழம்பு ஊற்றத் தெரியாது, என்ன ஆயிற்றோ தெரியவில்லை. இந்தத் தடவை பஸ் நிற்கவில்லை. நான் பிரார்த்தனை செய்துகொண்டே போனேன். ஊருக்குத் திரும்பினால் மறுபடி அதே சட்டம், அதே ஓடை, அதே சந்தேகம். இன்றைக்கு விட்டால் பிறகு கிடையாது.

மடு அப்படியே இருந்தது. குரங்குகளும் இருந்தன. என் கணவர் கம்பளிப் பழத்தை நனைத்து நூல் நுனியில் முடிந்தார். வீசினார். நூல் அதே அழகோடு அவிழ்ந்தது. கனமான கம்பளி உருண்டையைக்கூட அவர் தூசிபோலத்தான் இறக்கினார். அந்தக் கை அப்படிப் பழகிய கை. மீன் தலைக்கு மேலேயே பழம் சத்தமின்றி அமிழ்ந்தது. ஒரு மீன்கூட அசையவில்லை. திரும்பத் திரும்ப வீசினார். முகத்தில் வியர்வை. கடைசியில் கோலைப் பாறையில் சாத்திவைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் நின்றார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. என்னைவிட அவருக்குத்தான் இன்றைக்கு அது நடக்கவேண்டியிருந்ததோ என்னவோ.

"நான் ஒரு தடவை" என்றேன்.

"உனக்கு வீசத் தெரியாதே."

"தெரிஞ்சவங்க வீசி என்ன ஆச்சு?"

காசிம் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கோல் என் கைக்கு வந்தது. இவ்வளவு லேசான சாமான் என்று நினைக்கவே இல்லை. பின்னால் வீசினேன். காத்திருக்க மறந்துபோய் உடனே முன்னால் வீசினேன். நூல் வளையம் போடவில்லை, சுருண்டு குவிந்தது. கம்பளிப் பழம் நேராக மேலேறி, செங்குத்தாக இறங்கி, தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. என் கணவர் "ஐயோ!" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பாறை நிழலிலிருந்து ஒரு மீன் புறப்பட்டது.

அது பாயவில்லை. தன் சொத்தை எடுக்க வருகிறவரைப்போல வந்தது. முதுகு பச்சை, பக்கவாட்டில் பித்தளை நிறம், ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தெரிந்தது. பழத்துக்கு ஒரு விரற்கடை கீழே வந்து நின்றது. செவுள் ஒருமுறை மூடித் திறந்தது. பார்க்கிறது. நான் கட்டியதைப் பார்க்கிறது. நான் ஊசியால் அழுத்திய குழியையும், காம்பருகே வைத்த பச்சையையும் அது பார்க்கிறது. வேண்டாம் என்று சொல்ல அதற்கு வழி இருந்தது. பிறகு தடித்த உதடுகள் குவிந்து நீண்டன. உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு வாய். பழம் அதற்குள் போயிற்று. வாய் மூடிக்கொண்டது.

"இழு! கோலைத் தூக்கு! புள்ள, இழு!"

காதில் விழுந்தது. கை கேட்கவில்லை. மீன் இரண்டு தரம் மென்றது. ஓரமாக ஒரு குமிழி வந்தது. அதன் முகத்தில், மீனுக்கு முகம் உண்டென்றால், ஒரு குழப்பம் வந்தது. வாயைத் திறந்து கம்பளியைத் துப்பிவிட்டு, திரும்பி, அவசரமில்லாமல் நிழலுக்குள் போய்விட்டது.

"கைக்கு வந்ததை விட்டுட்டியே!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். காசிம் அண்ணன் பாறையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். "நாலு ராத்தல் இருக்கும்லா தங்கச்சி!"

 ஈரப் பாறையிலேயே உட்கார்ந்து அழுதேன். துக்க அழுகை இல்லை என்று இரண்டு ஆண்களுக்கும் தெரியவில்லை, பதறிப்போனார்கள். "நம்பிருச்சுங்க" என்றேன். "அது நம்பிருச்சு. தொப்புனு விழணுங்க. பழம் தொப்புனுதானே விழும்? உங்க கை அவ்வளவு பதமா எறக்கினா அது எலைன்னு நெனச்சிருக்கும்."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.  மேலே குரங்குகள் கிளையை உலுக்கின.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"என்னது?"

"வாயைத் தெறக்கறப்போ."

சொன்னேன். உதடு குவிந்தது, உள்ளே வெள்ளையாய் இருந்தது, மென்றது, குமிழி வந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். "இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? எத்தனை மீனு பிடிச்சிருக்கீங்க" என்றேன்.

"நான் பாத்ததில்லை, புள்ள. தண்ணியில ஒரு மினுக்கு தெரியும். அதுக்குள்ள கை கோலைத் தூக்கிரும். அதுக்கப்புறம் மீனு ஓடறதைத்தான் பாத்திருக்கேன். அது ஈயை வாங்கறதை ஒருநாளும் பாத்ததில்லை."

அவர் எழுந்து நூலைச் சுற்றி எடுத்தார். கம்பளிப் பழம் ஈரமாகத் தொங்கியது. பையிலிருந்து தன் சின்னக் குறட்டை எடுத்து, பழத்துக்கு வெளியே நீண்டிருந்த முள்ளின் வளைவைப் பிடித்து நெரித்தார். படக்கென்று ஒடிந்தது. கூர்முனையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன தம்பி செய்றீங்க?" என்று காசிம் அண்ணன் எழுந்தே விட்டார். "முள்ளை ஒடிச்சிட்டுத் தூண்டி போடுற ஆளை இப்பத்தான்லா பாக்குறேன்!"

என் கணவர் கோலை ஓங்கி, ஊட்டியில் எந்தத் துரை பார்த்தாலும் வெட்கப்படும்படி, பழத்தைத் தொப்பென்று மடுவில் போட்டார். நிழல் அசைந்தது. அந்த மீன்தானா, வேறொன்றா தெரியாது. நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை பழக்கத்தில் ஒருமுறை துடித்தது. அதை அடக்கிக்கொண்டு, கண் இமைக்காமல், வாய் லேசாகத் திறந்தபடி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.